அலமாரிச் சாவி ஆசிரியர் கையில் இருக்கட்டும்: பினாங்குத் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக அறிவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்களில் பலரைக் கூட்டங்களில் பார்த்துப் பேசியிருக்கிறேன். அங்கே எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். கூரை ஒழுகுவதையும் கழிப்பறைக் குழாயையும் பேசுவதற்குள் அது தீர்ந்துவிடும். அவையும் பேச வேண்டியவைதான். ஆனால் அறிவியல் ஆசிரியர்கள் கூடிச் செய்து பழக நேரமும் இடமும் வேண்டும் என்று இப்போது சொல்ல வந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கணினி அறையின் மூலையில் சாம்பல் நிற இரும்பு அலமாரி ஒன்று இருக்கிறது. அதற்குள் பத்து மைக்ரோபிட் பலகைகள்; பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் குட்டிக் கணினிகள். ஒவ்வொன்றும் 4 செ.மீ.க்கு 5 செ.மீ.; பிள்ளையின் உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் 25 குட்டி விளக்குகள், இரண்டு பொத்தான்கள், உள்ளே அசைவையும் வெப்பத்தையும் உணரும் சாதனங்கள். பிரிட்டனில் 2016-இல் பிபிசி முன்னின்று 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த அதே பலகைதான். எங்களுக்கு ஒரு நன்கொடையாளர் வாங்கித் தந்தார். மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்தோம், மாலை போட்டோம், படம் எடுத்தோம். அன்று காலையிலேயே ஆசிரியர்களுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி. வந்த இளைஞர் திரையில் காட்டினார், ஒரு விளக்கு இதய வடிவில் மின்னியது, எல்லாரும் கைதட்டினோம், சான்றிதழ் வாங்கினோம். மறுநாள் பலகைகள் அலமாரிக்குள் போயின. இரண்டு ஆண்டுகள் வெளியே வரவில்லை.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. கொடுத்தவர் மனமாரக் கொடுத்தார். ஆசிரியர்களும் சோம்பேறிகள் இல்லை. சொத்துப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

ஒரு நாள் துணிந்து அந்தப் பலகைகளை ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு எடுத்துப் போனேன். வகுப்பறை வெப்பநிலையை அளக்கும் சின்ன நிரல் ஒன்றைப் போட்டோம். பின் வரிசையில் இருந்த மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், சுவர்ல மாட்டியிருக்கிறது 31 காட்டுது. இது 34 காட்டுது. எது பொய் சொல்லுது?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். அன்று மாலை அந்தப் பிள்ளையை அழைத்துப் போக வந்த அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது காத்தோட சூட்டை அளக்கல டீச்சர், சில்லோட சூட்டை அளக்குது. ஓட ஓடச் சில்லு சூடாகும்ல?" வெப்பத்தை உணரும் பகுதி செயலிக்கு உள்ளேயே இருக்கிறதாம்.

மறுநாள் பலகைகளைப் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி இயக்கினோம். எண் கீழே தொடங்கி மெல்ல ஏறியது. பிள்ளைகள் நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வரைபடம் போட்டார்கள். எத்தனை பாகை கழித்தால் சுவரில் உள்ளதோடு ஒத்துப்போகும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். என் பத்தொன்பது ஆண்டில் நடத்திய நல்ல பாடங்களில் அது ஒன்று. அது எனக்குத் தெரியாத ஒன்றிலிருந்து பிறந்த பாடம். அந்த அம்மாவை வாசலில் பார்க்காமல் இருந்திருந்தால் பலகைகள் அன்றே அலமாரிக்குத் திரும்பியிருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதற்கு முன் ஆசிரியர் தவறு செய்து பார்க்க, தடவிப் பார்க்க, "இது எனக்குப் புரியவில்லை" என்று சக ஆசிரியரிடம் கேட்க ஓர் இடமும் நேரமும் வேண்டும். அது எங்களிடம் இல்லை. உங்களால் கொடுக்க முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தமிழ்ப்பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தினேன். 2003-இல் வந்த மாற்றம் அது. மடிக்கணினி வந்தது, படவீழ்த்தி வந்தது, பாடக் குறுந்தகடுகள் வந்தன. 2012 முதல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். 2016-இல், விரும்பும் பள்ளிகள் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தலாம் என்ற இருமொழித் திட்டம் வந்தது. 2021-இல், ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு ரத்து செய்யப்பட்டது; பெற்றோர் பலர் கவலைப்பட்டார்கள், எனக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது போல் இருந்தது. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் பொருள் முதலில் வந்தது, சுற்றறிக்கை அடுத்து வந்தது. ஆசிரியர் பழகிக்கொள்ளும் நேரத்தை யாரும் கணக்கில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

போட்டிகளைப் பற்றியும் பேச வேண்டும். உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளிலும் ரோபோ போட்டிகளிலும் கோப்பையோடு வருவதைப் பார்த்து நானும் கண் கலங்கியிருக்கிறேன். வாயே திறக்காத ஒரு பையன் நடுவர்களுக்கு முன் தன் கருவியை விளக்கியதை மறக்கவே மாட்டேன். போட்டிகள் வேண்டும். ஆனால் மூன்று பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் நான்கு மாதம் மாலை மாலையாக உட்காருகிறார்கள். அறிவியலுக்கென்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பதிவுக் கட்டணத்துக்கும் உதிரிப் பொருளுக்கும் பேருந்துக்கும் போகிறது. அதே வகுப்பில் மீதி முப்பத்து மூன்று பேர் அந்தப் பலகையைத் தொட்டதே இல்லை. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்த ஆண்டு குழுவும் இல்லை.

அலமாரி அனுபவத்துக்குப் பிறகு, பக்கத்துப் பள்ளிகளைச் சேர்ந்த நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் கூட ஆரம்பித்தோம். யாரும் சொல்லவில்லை, யாரும் பணம் தரவில்லை. ஒருவர் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு சோதனை கொண்டுவர வேண்டும், செய்து பார்க்க வேண்டும், கெட்டுப்போனால் ஏன் என்று பேச வேண்டும். அங்கே கற்றுக்கொண்டதுதான் நிழல் சோதனை.

பினாங்கு நில நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5.4 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஓர் ஏப்ரலில் பள்ளித் திடலில் ஒரு மீட்டர் துடைப்பக் கம்பை நட்டோம். நூலில் ஆணியைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு நேராக நிற்கிறதா என்று பிள்ளைகள் சரிபார்த்தார்கள். 1:10-க்கு மணி அடித்தது. யாரும் போகவில்லை. பிள்ளைகளைக் காணோமே என்று வேன் அங்கிளும் திடலுக்கு வந்துவிட்டார். நிழல் விரல் அளவானது, அப்புறம் நகம் அளவானது. 1:22-க்கு இல்லை. ஒரு பையன் கம்பைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினான்.

"மதியம்னா 12 மணிதானே டீச்சர், ஏன் 1:22?" என்று ஒரு கேள்வி. நம் நாட்டுக் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. பினாங்கு இருப்பதோ ஏறக்குறைய 100 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். பிள்ளைகளே பெருக்கிப் பார்த்துச் சொன்னார்கள். வேன் அங்கிள் விடவில்லை: "1982-ல கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு." உண்மைதான், அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி. அன்று எங்கள் திடலில் அவரும் ஓர் ஆசிரியர்.

அதே நாளில் ஜொகூர் பாருவில் என் கல்லூரித் தோழி தன் பள்ளியில் கம்பு நட்டிருந்தார். அங்கே நண்பகல் எங்களைவிடக் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடும். நிழல் மறையவில்லை; 7 செ.மீ. இருந்தது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படம் அனுப்பினார். பிள்ளைகள் அளவுப்படி முக்கோணம் வரைந்து கோணமானியை வைத்தார்கள். 4 பாகை. வரைபடத்தில் வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் இடையே 430 கிலோமீட்டர். 360 பாகையில் 4 பாகை தொண்ணூறு முறை அடங்கும். தொண்ணூறை 430-ஆல் பெருக்கினால் 38,700. பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தெனிஸ் செய்த கணக்கு இதே வழிதான். அன்று வீட்டுக்குப் போன பிள்ளைகள் "நாங்க பூமியை அளந்தோம்" என்று சொன்னதாகப் பெற்றோர் வந்து சொன்னார்கள்.

செலவு? துடைப்பக் கம்பு பள்ளியிலேயே இருந்தது.

என்னை உறுத்துவது வேறு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் திடலில் வெயிலில் நின்றிருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை நிழல் என் காலடியில் மறைந்திருக்கிறது. எனக்கு யாரும் காட்டவில்லை, நானும் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றரை ஆண்டில் நின்றுபோனது. ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, எனக்கும் வீட்டில் வயதான மாமியார். சொந்த நேரத்தில் நடக்கும் எதுவும் இப்படித்தான் முடியும்.

ஆகவே என் கோரிக்கை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், அருகருகே உள்ள ஐந்தாறு பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூட வழி செய்யுங்கள். தலைமையாசிரியர்களிடமும் மாவட்டக் கல்வி இலாகாவிடமும் நீங்கள் பேசினால் அது அதிகாரப்பூர்வமான பயிற்சியாகப் பதிவாகும். நாங்கள் தனித்தனியாகக் கேட்டால் ஆகாது. மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். ஐந்து குழுக்கள் போதும். மதியச் சாப்பாடு, மின்கலம், கம்பி, காடி, பலூன் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் ஒரே ஆசிரியர் அறிவியலும் நடத்துவார், கணிதமும் நடத்துவார், உடற்கல்வியும் நடத்துவார். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாதவர் அவர்தான். அவருக்கு இது எல்லாரையும்விடத் தேவை.

அந்தக் கூட்டங்களில் இன்னொரு வேலையும் நடக்கும். நம் பிள்ளை ஆறாம் ஆண்டில் 'உராய்வு' என்று படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் அதையே மலாயில் 'கெசெரான்' என்று கேட்டு விழிக்கிறான். இருமொழி வகுப்பில் அதுவே 'பிரிக்ஷன்'. பொருள் தெரிந்த பிள்ளை சொல்லில் தடுக்கி விழுகிறான். தமிழில் தெளிவாகப் புரியவைத்து, கடைசி வகுப்பில் மற்ற இரண்டு சொல்லையும் கையில் கொடுத்து அனுப்புவது எப்படி என்று ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்தால்தான் முடிவு செய்ய முடியும்.

உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு பலகை நூறு வெள்ளிக்கு அக்கம்பக்கம். இரண்டு உடையட்டும். பத்தும் புதிதாகவே பழையதாவதைவிட மேல்.

சுற்றுலாவுக்கும் இதே வேண்டுகோள். கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் கூடம் 2016 முதல் இருக்கிறது. பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. கோலாலம்பூருக்குப் போனால் 1994-இல் திறந்த தேசியக் கோளரங்கம், புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையம், இரட்டைக் கோபுரத்தில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் கண்காட்சி. ஆண்டுதோறும் பேருந்து பிடித்துப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள், நன்றி. அடுத்த முறை இரண்டு ஆசிரியர்களை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். எந்தக் காட்சிப்பொருளுக்கு முன் நிற்க வேண்டும், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்து போனால் அந்த இரண்டு மணி நேரம் ஓடிக் களைப்பதில் போகாது. ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் 1998 முதல் பல நாட்டு உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களை வரவழைத்து வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறது. அவ்வளவு பெரிய ஆய்வகமே ஆசிரியருக்காக நேரம் ஒதுக்குகிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. நம் பெற்றோரில் எத்தனை பேர் அங்கே சில்லுகளைச் சோதிக்கிறார்கள், இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார்கள் என்று சங்கத்தில் ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். மேடையேற்றி உரையாற்றச் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை எங்களோடு வந்து உட்காரச் சொல்லுங்கள், போதும். நான் ஓர் இரவு முழுக்கத் தேடிக் களைத்திருக்க வேண்டிய பதிலை அந்த அம்மா அரை நிமிடத்தில் சொன்னார்.

1816-இல் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது பினாங்கில்தான். அந்தப் பெருமையை மேடைக்கு மேடை சொல்கிறோம். இந்த ஆசிரியர் கூட்டத்தையும் முதலில் நம் மாநிலமே தொடங்கியது என்று இருக்கட்டுமே என்பது என் ஆசை.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தனித் தலைப்பாகச் சேர்த்துவிடுங்கள். என்னைக் கூப்பிட்டால் வந்து விளக்குகிறேன். செப்டம்பர் 8, 9 தேதிகளில் நிழல் மறுபடியும் மறையும். அதற்குள் மூன்று வியாழக்கிழமைகள் கிடைத்தால், 28 பள்ளித் திடல்களிலும் கம்பு நட ஆசிரியர்கள் தயாராக இருப்பார்கள்.

அன்புடன்,
செபராங் பிறையிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை