வியாழக்கிழமை வாய்தாவுக்கு முன்

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னதெல்லாம் பதற்றத்தில் மனதில் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன். உன் நாத்தனாருக்குப் படித்துக் காட்டு. மாப்பிள்ளையையும் ஒருமுறை படிக்கச் சொல்.

செல்போன் பறிப்பு வழக்கில் பிடிபட்ட அவள் பையன் இருப்பது கூர்நோக்கு இல்லம், அதாவது விசாரணை முடியும் வரை சிறுவர்களை வைத்திருக்கும் இடம், ஜெயில் இல்லை. வழக்கைப் பார்ப்பது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள், அந்த இருவரில் ஒருவர் பெண். கூண்டு கிடையாது. நடப்பது விசாரணைதான், ஆனால் அவர்கள் மனதில் ஓடும் கேள்வி வேறு: 'இவனை வெளியே விட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள்?' இதற்கு நம்மிடம் உருப்படியான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜாமீனில் விட முடியாத பிரிவு என்று ஸ்டேஷனில் சொன்னார்கள் என்றாய். அது பெரியவர்களுக்கு. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, எந்தக் குற்றமானாலும் சிறுவனுக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும் என்கிறது. மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம்: வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கமே கெட்டுப்போகும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஜாமீன் கிடைத்து, நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காக அவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஜாமீன்தாரர் கிடைக்காமல் சும்மா காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஜாமீன் கெடுவது பெரும்பாலும் வீட்டாரின் வாயால்தான். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அல்லது உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். அவர் எழுதும் சமூக ஆய்வு அறிக்கை, பையனை முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் குழுமத்துக்குப் போக வேண்டும். கோபத்தில் அப்பாக்காரர் "எங்க பேச்சைக் கேக்க மாட்டான் சார், கொஞ்ச நாள் உள்ளயே இருந்தா புத்தி வரும்" என்பார். அது அப்படியே அறிக்கையில் ஏறும்: 'பெற்றோரின் கட்டுப்பாட்டில் இல்லை.' மேலே சொன்ன முதல் காரணத்துக்கு அதுவே ஆதாரமாகிவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. ஊர் சுற்றினான் என்றால் சுற்றினான் என்றே சொல்லட்டும். கூடவே, இனி காலையில் யார் பள்ளிக்கு விடுவது, சாயங்காலம் வீட்டில் யார் இருப்பார், அவனோடு சுற்றிய நண்பர்கள் இருக்கும் தெருவிலிருந்து விலக்கிக் கொஞ்ச நாள் உன் வீட்டில் தங்க வைக்க முடியுமா, இதையெல்லாம் பெயர், நேரத்தோடு சொல்ல வேண்டும். உன் வீட்டுக்கு வருவதாக இருந்தால் நீயும் மாப்பிள்ளையும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்தது பிரிவு. சிறுவர் மேல் எடுத்த எடுப்பில் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. குற்றம் கொடியது என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோதான் போடலாம். இங்கே 22 வயதுக்காரன் ஒருவன் கூட இருந்ததால் போட்டிருக்கிறார்கள். அதில் என்ன பிரிவு என்பதுதான் முக்கியம். செல்போனைப் பறித்தது மட்டும் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 304, அதிகபட்சம் மூன்று வருடம், இளைஞர் நீதிச் சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம். 309, அதாவது கொள்ளை, என்றால் அதற்கு அடுத்த படியான கடுங்குற்றம். கத்தி காட்டினார்கள் என்று 311-ஐச் சேர்த்தால், அதற்குக் குறைந்தபட்சமே ஏழு வருடம் என்பதால் எல்லாவற்றுக்கும் மேல்படியான கொடிய குற்றமாகிவிடும். பையனுக்கு 16 தாண்டிவிட்டதால், அவனைப் பெரியவன்போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதற்கட்ட மதிப்பீடு மூன்று மாதத்துக்குள் நடக்கும். விசாரிக்கலாம் என்று முடிவானால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம்.

ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கத்தி யார் கையில் இருந்தது என்பது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவில், ஆயுதத்தை உண்மையில் பயன்படுத்தியவனுக்குத்தான் அது பொருந்தும் என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைய 311 அதன் வழி வந்ததுதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தானாக ஒட்டாது.

இதனால்தான் அந்த 22 வயதுக்காரனின் வக்கீல் நம் பையனுக்கு வேண்டாம். "ஒரே வழக்கு, சேர்த்தே பாத்துக்கறேன், ஃபீஸ் குறைவு" என்பார். சிறுவனுக்குத் தண்டனை குறைவு என்பதால் கத்தியை அவன் தலையில் கட்டுவதுதான் பெரியவனுக்கு லாபம். சட்டப்படியே இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கூடாது, வக்கீலும் தனியாக இருக்கட்டும். காசில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்குப் போன் செய்தால் போதும். குழுமத்தில் வாடிக்கையாக ஆஜராகும் இலவச வக்கீல், இதையே பார்த்திராத பெரிய கிரிமினல் வக்கீலைவிட மேல் என்பது என் கருத்து.

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிச்சுடுவாங்க" என்று வராந்தாவில் யாராவது சொல்வார்கள். வக்கீல் கோப்பைப் படிக்கும் முன் ஒத்துக்கொள்ளக் கூடாது. சிறுவனிடம் போலீஸ் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. வாங்கியிருந்தாலோ, அடித்திருந்தாலோ, வியாழனன்று குழுமத்திடமே வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காயம் ஆறிய பிறகு சொன்னால் எடுபடாது.

வயதை நிரூபிக்கப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அசல். அது இருக்கும்போது பிறப்புச் சான்றிதழ்கூட இரண்டாவதுதான். எலும்புப் பரிசோதனை இரண்டும் இல்லாதவர்களுக்கு. ஆதாரை அடையாளத்துக்கு வைத்துக்கொள், வயதுக்கான பட்டியலில் அது இல்லை. சம்பவ நாளன்று 18 முடியவில்லை என்பதுதான் கணக்கு. அடுத்த மாதம் அவன் பிறந்தநாள் வந்தாலும் அதனால் வழக்கு குழுமத்தை விட்டுப் போகாது.

பள்ளியில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, லீவு லெட்டர் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போட்ட சித்தப்பாவை இன்றே நீக்கச் சொல். சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், சொந்தக்காரர் என்று விலக்கு கிடையாது. பிற்பாடு வேலை, பாஸ்போர்ட் என்று உன் நாத்தனார் அஞ்சுவதற்கும் பதில் இருக்கிறது: குழுமத்திலேயே முடிந்த வழக்கு எந்தத் தகுதியையும் பறிக்காது. பெரியவனாக விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 311 பற்றி இவ்வளவு எழுதியது அதற்காகவும்தான்.

வியாழனன்று கையில்: மதிப்பெண் சான்றிதழ், ரேஷன் கார்டு, பெற்றோர் ஆதார், ஜாமீன் நிற்பவரின் ஆதாரும் போட்டோவும், பொதுத்தேர்வு ஹால் டிக்கெட் வந்திருந்தால் அதுவும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அவனுக்கு வீசிங் மருந்து உண்டு என்றாயே, டாக்டர் சீட்டோடு இல்லக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள், பையன் கையில் கொடுத்தால் உள்ளே விடமாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா