மே கடைசியில் கடலுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்காக

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும் கடலோர மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைப் பக்கமுள்ள ஓர் ஊரிலிருந்து, இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மாவாக இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் பக்கம் கடல் கிடையாது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பல மணி நேரப் பயணம். அதனால் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்கத் தேவையில்லாத சில விஷயங்களை நாங்கள் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கொங்கு நாட்டுக் குடும்பங்கள் கடலுக்குக் கிளம்புவது பெரும்பாலும் மே மாதக் கடைசியில்தான். பரீட்சை முடிந்ததும் ஊர் நோம்பி வரும், சொந்தத்தில் கல்யாணம் வரும், பிள்ளைகள் அம்முச்சி வீட்டுக்குப் போவார்கள். பாதி விடுமுறை அதிலேயே கழிந்துவிடும். பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் வேலை செய்கிறவர்களுக்கு நினைத்த நாளில் லீவு கிடைக்காது. கடைசியில் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம், ஃபீஸுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் எடுத்து வைத்தது போக மீதி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறோம். 2024இல் வெயில் கொடுமையால் பள்ளி திறப்பு ஜூன் 10க்குத் தள்ளிப்போனபோது எங்கள் ஊரிலிருந்து ஜூனிலும் வேன்கள் போயின. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி என்று சாமி கும்பிடுகிற இடமும் கடலும் சேர்ந்த ஊர்களாகப் பார்த்துப் போவோம். பெரியவர்கள் கோயிலுக்கென்று கிளம்பலாம். பிள்ளைகள் கிளம்புவது கடலுக்குத்தான்.

ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் வீட்டுக்குள் அடைந்து, டிவியும் செல்போனுமாகக் கிடந்த பிள்ளைகள் மணலில் கால் வைத்ததும் எப்படி மாறிப்போகிறார்கள் என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். என் நாலு வயதுப் பையன் முதலில் அலையைப் பார்த்துவிட்டு என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றான். கொஞ்ச நேரத்தில் நண்டு வளைக்குள் ஈர்க்குச்சியை விட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். அவன் அக்காவுக்கு ஏழு வயது. ஈர மணலில் காலைப் புதைத்து, மேலே மணலைத் தட்டித் தட்டி இறுக்கி, காலை மெல்ல உருவி வீடு கட்டினாள். அலை வந்து கரைத்துப் போட்டது. அழவில்லை. இன்னும் நாலடி மேலே தள்ளிப் போய் அடுத்த வீட்டைத் தொடங்கினாள். அலை எதுவரைக்கும் வரும் என்று அவளே பார்த்துப் பார்த்து ஒரு கோடு கிழித்துக்கொண்டாள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கிளிஞ்சல் பொறுக்க இவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். "ஏனுங்க்கா, இது உசுரோட இருக்குதுங்களா?" என்று என் மகள் ஒரு சங்கைக் காட்டிக் கேட்க, அவர்களில் ஒரு பெண் அதைத் திருப்பி உள்ளே இருந்ததைக் காட்டிவிட்டு மறுபடி தண்ணீரில் விட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் எங்கள் பிள்ளைகள் யாரும் செல்போன் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இடம் உண்டென்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் அந்த இடம் அவர்களுக்குப் பத்திரமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

எங்கள் ஆண்கள் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்கள். கீழ்பவானி வாய்க்காலில் குதித்தவர்கள், கொடிவேரி அணையில் குளித்து வளர்ந்தவர்கள். அந்தத் தைரியத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். கடலின் போக்கு வேறு. அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் கிடைக்கிறதோ அந்த வழியாக, மதகு திறந்த வாய்க்கால் மாதிரி, ஒடுக்கமாகவும் வேகமாகவும் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்க்க அடங்கிக் கிடக்கும். கடல் தெரியாதவர்கள், அதுவும் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், "இங்கே அலையே இல்லை" என்று அங்கேதான் இறக்கிவிடுவார்கள். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும், ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரத்திலும் இதே இழுப்பு உண்டு. அதில் மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு விலக வேண்டும். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகிய எங்கள் ஊரில் இதைச் சொல்லித் தர ஆள் இல்லை.

மே கடைசி என்பதால் இன்னும் இரண்டு ஆபத்துகள் சேர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று நெருங்குகிற நேரம் அது. கிழக்குக் கரையில் காலை வேளைகளில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். தெற்கே கச்சான் என்பார்கள். அதே நேரம் கரையோரக் கடைகளில் காற்றடைத்த டியூப்பும் வாத்து மிதவையும் வரிசையாகத் தொங்கும். மூன்று வயதுப் பிள்ளையை உட்கார வைத்த மிதவையை அந்தக் காற்று கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே தள்ளிவிடும். நீரில் தத்தளிக்கிற குழந்தை சத்தம் போடாது என்பதும் பல பெற்றோருக்குத் தெரியாது.

இன்னொன்று கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றில் எழுந்த அலைகள், நாட்கள் கழித்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத ஒரு நாளில் திடீரென்று உயர்ந்து கரையேறும். கேரளக் கரையும் கன்னியாகுமரிப் பக்கமும் இதற்குப் பேர் போனவை. ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததும் அப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். எச்சரிக்கை வெளியிடுவது ஒரு வேலை. அது மணலில் நிற்கிறவர் காதில் விழச் செய்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் நாங்கள் பார்த்தோம். கிழக்குக் கரையில் நாங்கள் போன இடத்தில் ஆபத்தான பகுதி என்று ஒரு பலகை துருப்பிடித்து நின்றது. எங்கே ஆபத்து, எங்கே இறங்கலாம் என்று அதில் ஒன்றுமில்லை. மனிதர்கள் கூட்டம் கூட்டமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒதுங்கி நின்ற படகின் நிழலில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "தங்கச்சி, புள்ளைகள அந்தப் பக்கம் விடாதீங்க. அங்க இழுப்பு இருக்கு. இந்தப் படகுக்கு நேரா நில்லுங்க, முட்டளவுதான் இருக்கும்" என்றார். கரூரிலிருந்து வந்திருந்த இன்னொரு குடும்பத்தையும் கைதட்டிக் கூப்பிட்டு இடம் மாற்றினார். அப்புறமும் வேலைக்கு நடுவே தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவராம். தடைக்காலம் என்பதால் கரையில் இருந்தார்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலத்துக்கான அந்தத் தடை சரியானதுதான். ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். கடலில்லாத மாவட்டங்களின் குடும்பங்கள் சின்னப் பிள்ளைகளோடு கடற்கரைக்கு வந்து குவிகிற வாரங்களும், கடலை நன்றாக அறிந்த ஆயிரக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் கரையில் இருக்கிற வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது, அது தொடர வேண்டும். அதற்கு மேலே, விருப்பமுள்ள மீனவர்களை அந்த இரண்டு மாதத்துக்கு உயிர்காப்பாளர்களாக நியமியுங்கள். இதுதான் என் கோரிக்கை.

இலவச சேவையாக இதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. நாள் சம்பளம், காப்பீடு, சான்றிதழோடு கூடிய பயிற்சி எல்லாம் வேண்டும். நீந்தவும் இழுப்பைக் கண்டுபிடிக்கவும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்கிற முதலுதவி, குழந்தைக்கு அதை எப்படிச் செய்வது, மீட்பு மிதவையை எப்படிக் கையாள்வது என்பவற்றைக் கற்றுத்தந்தால் போதும். உட்கார உயரமான நிழல் மேடையும், கையில் விசிலும் கொடுங்கள். காலையில் அவர் கடலைப் பார்த்துவிட்டு, இன்று இறங்கத்தக்க இடம் இதுவென்று சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டால், நாங்கள் அவற்றுக்கு நடுவே நின்றுகொள்வோம். முழுச் சிவப்புக் கொடி ஏறினால் தண்ணீரில் இறங்காமல் மணலில் மட்டும் விளையாடிக்கொள்வோம். கேரளச் சுற்றுலாத் துறை வெகுகாலமாக உயிர்காப்பாளர்களை வைத்திருக்கிறது. நம்மிடமும் மெரினாவில் காவல்துறையின் உயிர்காப்புப் பிரிவு உண்டு. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரை 2021இல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றது; உயிர்காப்பு ஏற்பாடு இல்லாமல் அந்தச் சான்று கிடைக்காது. சென்னையைச் சுற்றிச் செய்ய முடிந்ததைத் தென்கடலிலும் செய்ய முடியும்.

இதற்குப் பதிலாகக் "குளிக்கத் தடை" என்று அறிவித்துவிடலாம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றலாம். ஆபத்தான நாட்களில் தடை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கோடை முழுக்கத் தடை போட்டால், இத்தனை தூரம் வந்த குடும்பம் திரும்பிப் போகாது. வேன் ஓட்டுநரிடம் சொல்லி, ஆளே இல்லாத ஒரு தோப்போரக் கடற்கரையைத் தேடிப் போகும். கூப்பிட்டால் ஓடிவர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் எது என்ற விவரத்தையும் நீங்கள் சொல்லலாம். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று மாதங்களில் வடபக்கம் அடங்கியும் தென்பக்கம் கொந்தளித்தும் இருப்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேன்கள் தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கோடியில் இருக்கிற அரிச்சல்முனைக்குத்தான் நேராகப் போகின்றன. அது நின்று பார்க்க வேண்டிய இடம், இறங்கிக் குளிக்கிற இடமில்லை. ராமநாதபுரத்திலிருந்து வருகிற வழியிலேயே, பாக் நீரிணைப் பக்கம், ஆழம் குறைந்த அரியமான் கடற்கரை இருக்கிறது. நெடுஞ்சாலையில் பெரிதாக ஒரு பலகை வைத்தால் எத்தனையோ வேன்கள் அங்கே திரும்பும்.

மற்றவை சுருக்கமாக. பெண்கள் உடை மாற்றக் கதவு சாத்துகிற அறை, உப்பைக் கழுவ நல்ல தண்ணீர், கழிப்பறை, மதியத்தில் குழந்தையைப் படுக்க வைக்கக் கொஞ்சம் நிழல். மீனவக் குப்பத்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தால் சுத்தமாக இருக்கும், கட்டணம் கொடுக்கவும் நாங்கள் தயார். கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளையின் கையில் பெற்றோர் போன் நம்பரைக் கட்டிவிடும் காகிதப் பட்டையைத் திருவிழாக்களில் காவல்துறை கொடுக்கிறது, கடற்கரையிலும் கொடுக்கலாம். ஒவ்வொரு பலகையிலும் 108ஐயும், கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் 1093ஐயும் தூரத்திலிருந்தே தெரிகிற அளவில் எழுதுங்கள்.

எச்சரிக்கை எங்களை வந்தடைய வேண்டிய இடம் கடற்கரை மட்டுமில்லை. மீனவர்களுக்குப் போகிற கடல் எச்சரிக்கையை விடுதி வரவேற்பறைகளுக்கும், ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் பேருந்து நிலையங்களுக்கும், வாடகை வேன் ஓட்டுநர்களுக்கும் அனுப்புங்கள். எந்தக் கரையில் வண்டியை நிறுத்துவது என்று பல நேரம் முடிவு செய்வது ஓட்டுநர் அண்ணன்தான். அவர் போனில் ஒரு தகவல் வந்தால் பதினைந்து பேர் தப்பிப்பார்கள்.

எல்லாக் கடற்கரையிலும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி என்று மேலே சொன்ன நான்கு ஊர்களில் தொடங்குங்கள். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15இல் வருகிறது. பிப்ரவரியில் விருப்பமுள்ள மீனவர்களின் பெயரைப் பதிந்து மார்ச்சில் பயிற்சி கொடுத்தால், மே கடைசியில் நாங்கள் வரும்போது கொடிகள் நட்டிருக்கும். உங்கள் மாவட்டத்தில் இந்தப் பொறுப்பு எந்த அலுவலரிடம் இருக்கும் என்பதை அறிவியுங்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளிடமும் வேன் ஓட்டுநர்களிடமும் தகவலைக் கொண்டு சேர்க்கிற வேலையை நானும் என்னோடு இருக்கிற பெற்றோர்களும் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா