பத்துமலைப் படியும் பதினோரு பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்துமலையின் 272 படிகளுக்கும் 2018இல் வண்ணம் அடித்தாலும் அடித்தார்கள், என் வீட்டுக்காரருக்கு வீடு தங்கவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து பதினோரு முறை போய்விட்டோம். ஒவ்வொரு முறையும் 42.7 மீட்டர் முருகன் சிலையை வேல் நுனி வெட்டுப்படாமல் படம் எடுக்க வேண்டுமென்று கேமராவோடு தரையில் படுத்துக்கொள்வார். புறாக்கள் அவரைச் சுற்றி மேயும். செருப்புக்கும் பைக்கும் நான் காவல். ஒரு தடவைகூட மேலே ஏறிச் சாமி கும்பிட்டதில்லை!

லென்ஸ் கதை தனி. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்குமாம், அதற்கென்று மின்சாரத்தில் ஓடும் கண்ணாடி அலமாரி வாங்கினார். சரி, இருப்பதைக் காப்பாற்றத்தானே என்றிருந்தேன். அப்புறம் பார்த்தால், அலமாரியில் இடம் காலியாக இருக்கிறதென்று இன்னும் இரண்டு லென்ஸ். விலை கேட்டால், "பழசுதான்மா" என்பார். என் பட்டுப்புடவைகளுக்கு இன்னும் பாச்சை உருண்டைதான்.

அவர் பிறந்த தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மட்டும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது.

போன மாதம் பேத்திக்குக் காது குத்தினோம். ஐந்து லென்ஸோடு வந்தார். பேட்டரியில் சார்ஜ் இல்லை. படம் எடுத்தது என் கைப்பேசிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்