பூங்கா மரத்தை அலங்கரித்த கைகளுக்கு நன்றி

அன்பார்ந்த அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் பூங்காவின் நடுவில் நிற்கும் பெரிய மரத்தை எல்லோரும் கூடி அலங்கரித்த விழா இனிதே நிறைவேறியது. அதற்காக உழைத்த ஒவ்வொருவருக்கும் விழாக் குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, தொடக்கத்திலேயே எங்களைத் தடுத்து நிறுத்திய தோட்டக்காரருக்கு உரியது. ஆணியும் கம்பியும் கொண்டு அலங்காரப் பொருள்களைப் பொருத்திவிடலாம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இலைகள் தயாரித்த உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையில்தான் இருக்கிறது என்றும், இறுகக் கட்டிய கம்பியைக் கழற்றாமல் விட்டால் கிளை பருக்கும்போது அது பட்டைக்குள் புதைந்து அந்தப் பாதையையே நெரித்துவிடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகே பருத்தி நாடாக்களைத் தளர்வாகக் கட்டும் முறைக்கு மாறினோம். பறவைக் கூடு இருந்த கிளையை அவர் சொற்படி தொடவே இல்லை. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், மண் மிதிபட்டு இறுகாதபடி கயிறு கட்டி, மாலை முழுவதும் காவல் நின்ற இளைஞர்களுக்கும் நன்றி.

விளக்குகளை ஏற்றும் நேரத்தில் ஒரு சரம் முழுவதும் அணைந்துபோனது. தொடர் இணைப்பில் ஒரு விளக்கு பழுதானாலும் மற்றவற்றுக்கு மின்சாரம் செல்லாது என்பதை அறிந்த மின்பணியாளர், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுதானதைக் கண்டுபிடித்து மாற்றினார். காத்திருந்த சிறுவர்கள் சலித்துப்போகாமல் இருக்க, மெழுகுவத்தி ஏற்றித் தீ விபத்துக்கு அஞ்சிய காலத்தையும், 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளை ஒளிரச் செய்ததையும் அவர் சொன்ன விதம் இன்னும் என் நினைவில் நிற்கிறது. வெப்பம் குறைந்த எல்இடி விளக்குகளையே வாங்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான்.

பழைய தாள்களிலும் துணித் துண்டுகளிலும் நட்சத்திரங்கள் செய்து தந்த குழந்தைகளுக்கும், மினுமினுப்புத் தூள் மண்ணில் நெகிழித் துகளாகத் தங்கிவிடும் என்று அதைத் தவிர்க்கச் சொன்ன ஆசிரியைக்கும், ஏணியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றவர்களுக்கும் நன்றி.

கட்டுவதற்கு எல்லோரும் ஆர்வத்துடன் வருவார்கள். அவிழ்ப்பதற்கு வருவோர் சிலரே. விழா முடிந்த மறுவாரம், யாரும் அழைக்காமலேயே வந்து, ஒரு நாடாகூட எஞ்சாமல் அவிழ்த்து, பட்டையில் கீறல் இருக்கிறதா என்று கிளை கிளையாகப் பார்த்துச் சென்ற அந்தச் சிலருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

விளக்குச் சரங்களும் நட்சத்திரங்களும் பெட்டிகளில் பத்திரமாக உள்ளன. தம் கைவேலையைத் திரும்பப் பெற விரும்பும் குழந்தைகள் பெற்றோருடன் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர் சார்பில்