கலியாண மண்டபக் கணக்கில் காட்சிக்கு இடம் தராதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பொது மண்டபங்களையும் கலாசார நிலையங்களையும் நிர்வகிப்போருக்கு,

வணக்கம்.

ஓவியரான என் தோழி ஒருவரின் தனிநபர் காட்சிக்கு நகரில் இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். சுவரில் படம் மாட்டும் காட்சியல்ல, கூடம் முழுவதையும் ஒரே படைப்பாக்கும் நிறுவல் கலை (installation). இருட்டாக்கிய கூடம், நான்கு பக்கமும் தொங்கும் துணிகள், அவற்றில் ஓடும் வீடியோ, ஒரு மூலையில் கிணற்றுத் துலா கிறீச்சிடும் சத்தம், இன்னொரு மூலையில் பழைய வானொலி அறிவிப்பு, தரையில் மணல். வருபவர்கள் அதற்குள்ளேயே நடந்து திரிவார்கள்.

இடம் கேட்டுப் போனால், "எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு மண்டபத்தில் காலையில் திறப்புத் தருவதாகவும், மறுநாள் கலியாணம் இருப்பதால் இரவே எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். படிவத்தில் கதிரை எத்தனை, மைக் எத்தனை என்று நிரப்ப இடம் இருந்தது. ஜன்னல்களை மூடி இருட்டாக்கலாமா என்று கேட்டோம். பதில் சொல்ல ஆளில்லை.

இந்தக் கலைக்கு வேண்டியது நாட்கள். புரொஜெக்டர் ஒரு சாண் நகர்ந்தாலே படம் திரைக்கு வெளியே போய்விடும். இரண்டு புரொஜெக்டர்களின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் விளிம்பில் வெளிச்சம் கூடிவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சமன்செய்ய வேண்டும். ஒலி இன்னும் பொல்லாதது. சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் எதிரொலியைக் கூட்டும், ஆட்கள் நிறைந்தால் அதே கூடம் வேறுவிதமாகக் கேட்கும். எங்கள் ஊர் வெயிலில் ஒரு ஜன்னல் இடுக்கு போதும், எதிரே உள்ள திரை வெளிறிப்போக. இதையெல்லாம் சரிக்கட்ட ஒரு வாரமாவது தேவை. அவ்வளவு பாடுபட்டு ஒரே நாளில் கழற்றுவதென்றால் செய்யாமலே இருக்கலாம்.

இதைப் பார்க்க இங்கே யார் வருவார்கள் என்றும் ஒருவர் கேட்டார். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது. கற்பூர வாசம், தவில் நாதஸ்வரம், தீபம், வெறுங்காலில் படும் மணல் என்று எல்லாவற்றுக்கும் நடுவே நடந்து பழகிய சனத்துக்கா இது புதிது? நிறுவல் கலையும் இங்கே நேற்று வந்ததல்ல. 2004இலேயே பொது நூலகத்தில், யாழ்ப்பாணத்து மக்களிடம் சேகரித்த பொருட்களை வைத்து ஓவியர் தா. சனாதனன் ஒரு நிறுவலைச் செய்திருக்கிறார். யாழ். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து வெளிவரும் பிள்ளைகள் பெரிதாக ஏதும் செய்ய நினைத்தால் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியிருப்பதுதான் கவலை.

அந்த நூலகத்துக்குப் பக்கத்திலேயே, இந்திய உதவியில் கட்டி 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட, இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்கும் கலாசார மையம் நிற்கிறது. அதன் 600 இருக்கை அரங்கம் நடனத்துக்கும் நாடகத்துக்கும் சரி. எங்களுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். கதிரை இல்லாத ஒரு வெற்று அறை போதும், எந்தக் கட்டடத்தில் என்றாலும்.

உங்கள் பயமும் நியாயமானதுதான். இருட்டில் ஒருவர் தடுக்கி விழுந்தால்? வயர் சூடாகிப் பற்றினால்? வெளிவாசலுக்கு வழிகாட்டும் சிறு விளக்குகள் எரிந்தபடியே இருக்கட்டும். வயர்களைத் தரையோடு ஒட்டி மூடுவோம், ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்று வாசலில் ஆள் நிறுத்தி உள்ளே விடுவோம். அந்த அறையின் மின் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் தந்தால் அதற்குள் அடக்கிக்கொள்வோம். திடீரென்று கரண்ட் போனாலும் கருவிகள் கெடாதபடி யு.பி.எஸ். நாங்களே கொண்டுவருவோம்.

திறப்பு விழா பற்றியும் ஒரு சொல். பிரதம விருந்தினர், பொன்னாடை, மங்கல விளக்கு எல்லாம் வாசலோடு நிற்கட்டும். இருட்டாக்குவதற்கென்று ஒரு வாரம் மினக்கெட்ட கூடத்துக்குள் குத்துவிளக்கும் கமரா பிளாஷும் வந்தால் எதைப் பார்ப்பது?

வருடத்தில் ஒரு மாதமாவது ஓர் அறையை இப்படியான காட்சிகளுக்கு ஒதுக்குங்கள். வாடகையை மணிக்கணக்கில் போடாமல் வாரக்கணக்கில் போடுங்கள். பொருத்தும் நாட்களுக்கும் கழற்றும் நாட்களுக்கும் அரைவாசி எடுத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மட்டும் வேண்டாம், மழை ஈரத்தில் கருவிகளைக் காப்பாற்ற முடியாது. அடுத்த ஆண்டுக்கான முன்பதிவுப் படிவத்தை அச்சடிக்கும் முன் இதற்கும் ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டால், முதல் விண்ணப்பம் எங்களுடையதாக இருக்கும்.