வெலிங்டன் சிநேகிதமும் எங்கள் காணியும்

ஆசிரியருக்கு,

இலங்கைப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதால் கொழும்பில் இந்தியாவின் சொல் எடுபடும் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வாசித்தேன். வன்னியில் இருந்து பார்த்தால் அந்தக் கணக்குச் சரிவரவில்லை.

1983க்குப் பிறகு எங்கள் பெடியளும் பயிற்சிக்கென்றுதான் வள்ளம் ஏறினார்கள். இயக்கங்கள் பல, பயிற்சி கொடுத்த நாடு ஒன்று, இந்தியா. 1987 ஒக்டோபரில் அந்த நாட்டுப் படையோடேயே சண்டை மூண்டது. நித்திகைக்குளக் காட்டுக்கு மேலே ஹெலி சுற்றியதைப் பார்த்த வயது எனக்கு. 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறிப் போனது.

சரி, பெடியளை விடுங்கள். அதிகாரிகள் கதைக்கு வருவோம். நீலகிரியில் உள்ள வெலிங்டன் இந்தியப் படை அதிகாரிகள் கல்லூரிக்கு இலங்கை அதிகாரிகள் நெடுங்காலமாகப் போய் வருகிறார்கள். அங்கே படிப்பவர்களுக்குப் பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம். கோட்டாபய ராஜபக்சவும் அந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிதான். 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோது பாதுகாப்புச் செயலாளர் அவர்தான். சென்னைப் பட்டம் அந்தக் கப்பலைத் தடுத்ததா?

2012இல் ஜெயலலிதா எதிர்த்ததும் இலங்கை விமானப்படையினரின் பயிற்சி தாம்பரத்திலிருந்து பெங்களூர் எலகங்காவுக்கு மாறியது. இடம் மாறியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவைப் பெரிய யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2012இல் மாலியில் ஆட்சியைக் கவிழ்த்த கப்டன் சனோகோ அங்கே பயின்றவர். ஆனாலும் பாரிய மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தக்க தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி கிடையாது என்று லேஹி சட்டம் என ஒன்றாவது அவர்களிடம் இருக்கிறது. டெல்லியும் வருகிற அதிகாரியிடம், நீ 2009இல் எங்கே நின்றாய் என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறக்கலாம். அந்தக் கேள்வியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

இங்கே முல்லைத்தீவில், விமானப்படை பிடித்து வைத்திருந்த கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனத்தின் காணி 2017 மார்ச் 1ஆம் திகதி விடுபட்டது. விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம், பனியிலும் வெயிலிலும், பிள்ளைகளோடு குந்தியிருந்த பெண்கள் மீட்ட காணி அது. கட்டுரையாளர் ஒருமுறை அங்கே வந்து, அவர்களிடம் வெலிங்டனைப் பற்றிக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
முள்ளியவளை.