செயலாளரின் ஆண்டறிக்கை: கடலூர் கைப்பந்துப் பயிற்றுநர்கள்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

செயற்குழு முறைப்படி கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் நட்பு ஆட்டங்கள் நடந்தன. ஆயுத பூஜையன்று பந்துக்கும் வலைக்கும் பொட்டு வைத்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நின்றதால் பயிற்சி இல்லை.

இனி சனிக்கிழமைப் பயிற்றுநர் வகுப்பு. "சொல்லிக்கொடுப்பவனுக்கே பாடமா?" என்று கேட்டவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 20 பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே பந்தை வீசினால், ஆளுக்கு 6 வினாடி என்றாலும் 2 நிமிடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். 15 நிமிடத்தில் பந்து கையில் படுவது 7 தடவை. அவர்களையே நால்வர் நால்வராகப் பிரித்து 5 பந்து கொடுத்தால் 37 தடவை. வரிசையில் நிற்கும் பிள்ளை மண்ணைக் கிளறும், பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளும். ஒழுக்கமில்லை என்று அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறோம். குற்றம் வரிசையுடையது.

மாலையில் கடலுக்கு முதுகு காட்டி, மேற்குப் பார்த்து நில்லுங்கள். வெயில் பிள்ளைகளின் முதுகில் விழும். கடற்காற்று உங்கள் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலையில் நேர் எதிர்.

விளக்கம் ஒரு நிமிடம் போதும். பேசாமல் மூன்று முறை செய்து காட்டுங்கள்; அதில் இரண்டு பக்கவாட்டில். ஒரு நேரத்தில் ஒரே திருத்தம். அண்டர் ஹேண்டில், அதாவது முன்கைகளைச் சேர்த்து எடுக்கும்போது, பந்து பின்னால் பறந்தால் "கையை வீசாதே" என்று கத்துகிறோம். பெரும்பாலும் கால் தாமதமாகப் போயிருக்கும். எட்டாத பந்தை எட்டிப் பிடிக்கத்தான் கை வீசுகிறது. "பந்துக்குப் பின்னால் போ" என்று சொல்லிப் பாருங்கள். பந்தையும் அமுக்கிப் பாருங்கள். விதிப்படி காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ. கல்லு மாதிரி அடித்து வைத்தால் முன்கை வலித்து, பிள்ளை கண்ணை மூடிக் கையை இழுத்துக்கொள்வான். அவனுக்கு நாம் வைக்கும் பெயர் பயந்தாங்கொள்ளி.

நின்றபடி தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளைக் கடைசியில் வையுங்கள். தொடக்கத்தில் 10 நிமிடம் மெல்லோட்டமும் பக்கவாட்டு ஓட்டமும். தண்ணீர் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, தாகம் என்று கேட்கும் முன்பே. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை.

இவ்வளவும் கேட்கத் தொடர்ந்து வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். சனிக்கிழமையில் யாரும் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நம் உறுப்பினர்கள் வீட்டில் மட்டும் வாராவாரம் கல்யாணம். சந்தா பாதிக்கு மேல் நிலுவை. பெயர்களைப் படிக்கப் போவதில்லை. பட்டியல் மேசைமேல் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக நிற்கிறது. விவரம் பொருளாளர் சொல்வார். பெரிய செலவு பந்துகள். ஐந்து எதற்கு என்று கேட்டவர்களுக்கு மேலே பதில் இருக்கிறது.

மைதானப் பொறுப்பாளர், வலை தைத்துக் கொடுத்தவர், மோர் கொடுத்த கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாழ்வான வலையும் எடை குறைந்த பந்தும் வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் ரசீதுப் புத்தகம், பந்துப் பை, பம்ப் ஊசி மூன்றையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் கை தூக்காவிட்டால், டீ வருவதற்குள் ரசீதுப் புத்தகத்தையாவது திறக்க வையுங்கள்.